வலது கால் மறந்தது

முழு விசை கொடுத்தால் செஸ்னா விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித் தருகிற விஷயம் இது. ப்ரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்று விமானத்தின் உடலைச் சுற்றிக்கொண்டு போய் வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது. மூக்கு நிமிர்ந்திருக்கும்போது ப்ரொப்பெல்லரின் கீழிறங்கும் இலை, மேலேறும் இலையைவிட அதிகமாக இழுக்கிறது. இன்னும் ஒன்றிரண்டு காரணங்கள் உண்டு. எதுவானாலும் செய்ய வேண்டியது வலது காலால் ரடர் பெடலை, அதாவது வாலில் இருக்கிற சுக்கானைத் திருப்பும் மிதியை, அழுத்துவதுதான். 2013இல் என் கால் இதை என்னைக் கேட்காமலே செய்யும். 2024 ஜூலையில் ஒரு நாள் காலையில், தரையிலிருந்து முப்பது அடி உயரத்தில், அது சும்மா இருந்தது.

அந்த முப்பது அடியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் ஊர் தோவாளை. அப்பாவுக்குப் பூச்சந்தையில் கடை. பொழுது விடியும் முன்பே பிச்சியும் மல்லியும் அரளியும் கேந்தியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி வண்டியேறிக் கேரளாவுக்குப் போய்விடும். அந்தக் கடையும், அம்மாவின் நகையும், ஒரு வங்கிக் கடனும் சேர்ந்துதான் என்னை விமானி ஆக்கின. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது விமானத்தின் முழுப் பொறுப்பும் நம் கையில் இருந்திருக்க வேண்டும். நேவிகேஷன், மெட்டியராலஜி, ரெகுலேஷன், டெக்னிக்கல் என்று எழுத்துத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் தேற 70 சதவீதம் வேண்டும். ரேடியோவுக்குத் தனித் தேர்வு. எல்லாம் முடிந்து 24 வயதில் லைசென்ஸ் கைக்கு வந்தபோது, அப்பா அதைக் கடையில் சாமி படத்துக்குக் கீழே ஒரு நாள் முழுக்க வைத்திருந்தார்.

வேலை கிடைக்கவில்லை. அந்த வருடங்களில் என்னைப் போல லைசென்ஸோடு வீட்டில் இருந்தவர்கள் நாடு முழுக்க நிறையப் பேர். 2012இல் ஒரு பெரிய விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியிருந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே வேலை தேடிக்கொண்டிருந்தபோது 210 மணி நேரக்காரியை யார் கூப்பிடுவார்கள்? ஏர்பஸ் 320க்கான டைப் ரேட்டிங்கை, அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தனித் தகுதியை, சொந்தச் செலவில் முடித்துக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். அதற்கு இன்னொரு கடன் வேண்டும். அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை. 2014 மார்ச்சில் கடைசியாகப் பறந்தேன். நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள்.

லைசென்ஸ் ஒரே நாளில் செத்துப்போகும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் மெடிக்கல் போகும், அதற்கு ஆயுள் ஒரு வருடம்தான். அடுத்து இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறக்கும் தகுதி. அதோடு சேர்ந்து, சமீபத்தில் பறந்திருக்க வேண்டும் என்கிற தகுதியும் போகும். தாள் மட்டும் மேஜை இழுப்பறையில் செல்லுபடியாகும் தேதியோடு கிடக்கும். என் தாளின் தேதி 2018இல் முடிந்தது. அன்று பத்தாம் வகுப்புக்குத் தொடுகோடு நடத்தினேன். தேதி நன்றாக நினைவிருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

திருவனந்தபுரத்தின் வடமேற்கு நோக்கிய 32ஆம் ரன்வேயில் இறங்குகிற விமானங்கள் தென்கிழக்கிலிருந்து, எங்கள் மாவட்டத்துப் பக்கமிருந்துதான் நெருங்கி வரும். தோவாளைக்கு மேலே சத்தம் கேட்டால் சின்ன வயதில் அடுக்களையிலிருந்து முற்றத்துக்கு ஓடுவேன். பாட்டா சொல்வார், 1935இல் டாடாவின் தபால் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியதைப் பற்றி ஊரே பேசியது என்று. அப்போது நாங்களும் திருவிதாங்கூர்க்காரர்கள். அந்தக் கதையைக் கேட்டுத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. 2014க்குப் பிறகு சத்தம் கேட்டால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கழுத்து தானாகவே குனிந்துகொள்ளும். என் மகளுக்கு நான்கு வயதாகும்போது, "அம்மா, அங்க பாரு பிளேன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டே இருந்தேன்.

2023இல் செய்திகள் வரத் தொடங்கின. பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப்போவதாக, ஜூனில் இண்டிகோ 500. அக்டோபரில் கமர்ஷியல் லைசென்ஸின் செல்லுபடிக் காலத்தை ஐந்து வருடத்திலிருந்து பத்தாக உயர்த்தினார்கள். அன்று இரவு இழுப்பறையைத் திறந்து, பறந்த நேரங்களைக் குறித்து வைக்கும் லாக்புக்கை எடுத்தேன். என் கணவர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, "மெடிக்கலுக்கு எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

மெடிக்கல் பெங்களூரில். காது, கண், இசிஜி, ரத்தம், நிறங்களைப் பிரித்துப் பார்க்கிற புள்ளிப் படங்கள். ஹீமோகுளோபின் குறைவென்று தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். முருங்கைக்கீரையும் மாத்திரையுமாக மூன்று மாதம் போனது. அப்புறம் தேறினேன். ரெகுலேஷன் தேர்வை மறுபடி எழுதினேன். மகள் தூங்கிய பிறகு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பேன். நான் படித்தது 1934ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள். எழுதித் தேறிய சில மாதங்களில், 2025 ஜனவரியில், அந்தச் சட்டமே போய்ப் புதியது வந்துவிட்டது. இதையெல்லாம் விரிவாக எழுதலாம்தான், ஆனால் காகித வேலைக்குப் பொறுமை போதும். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமானம் இறங்கும் ஓடுதளம் கிடையாது. பயிற்சிப் பள்ளிக்கு நாகர்கோவில் ஜங்ஷனில் ரயிலேறி ஒரு இரவுப் பயணம். பள்ளி விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் போனேன். எனக்கு வாய்த்த இன்ஸ்ட்ரக்டருக்கு 26 வயது. நான் அவரை "சார்" என்பேன், அவர் என்னை "மேடம்" என்பார்.

முதல் நாள் செஸ்னா 172க்குப் பக்கத்தில் போய் நின்றதும் பெட்ரோல் வாசனை வந்தது. இறக்கைக்கு அடியில் ஒவ்வொரு வடிகுழாயிலும் எரிபொருளைக் குப்பியில் பிடித்து, நீல நிறம் இருக்கிறதா, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கை தானாகப் போனது. எஞ்சினை நிமிடத்துக்கு 1800 சுற்றில் வைத்து, அதற்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னட்டோக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது காது தானாகக் கூர்ந்தது. 55 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்) மூக்கைத் தூக்கினேன். தரை விலகியது. பத்து வருடம் கழித்து உடம்பு லேசானதை எழுத எனக்கு வார்த்தை இல்லை. அழுதேன். ஹெட்செட் மைக்கை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன்.

ஒன்று புதிதாக இருந்தது. நான் பழகியது வட்ட முள் கடிகாரங்கள். வேகத்தையும் உயரத்தையும் முள் எந்தச் சாய்வில் நிற்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்வோம், சுவர்க் கடிகாரத்தில் எண்ணைப் படிக்காமலே மணி தெரிகிற மாதிரி. இப்போது எல்லாம் திரை. வேகம் ஒரு பட்டையாக ஓடுகிறது, எண்ணைப் படிக்க வேண்டும். படிக்க அரை நொடி ஆகிறது. அந்த அரை நொடிகள் சேர்ந்து சேர்ந்து, நான் விமானத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். 90 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை நாட்டிக்கல் மைல். டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள், நான் திரும்ப வேண்டிய இடம் இறக்கைக்குப் பின்னால் போயிருக்கும்.

ஆனாலும் திருப்பங்கள் சுத்தமாக வந்தன. ஸ்டால் பயிற்சியில், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கும்போது, மூக்கைச் சரியாக இறக்கினேன். முதல் இரண்டு நாளும் இன்ஸ்ட்ரக்டர், "சூப்பர் மேடம், கை போகவே இல்ல" என்றார். நான் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

மூன்றாம் நாள். பக்கவாட்டுக் காற்று கொஞ்சம் இருந்தது. ஃபைனலில், ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டத்தில், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) முழுதாக, 30 டிகிரி. ரன்வேக்கு மேலே வந்து மூக்கைத் தூக்கியபோது அதிகமாகத் தூக்கிவிட்டேன். விமானம் இறங்காமல் மிதந்து மேலே எழும்பியது, வேகம் குறைந்தது. "கோ அரவுண்ட்" என்றார் அவர். இறங்காமல் திரும்ப மேலே போவது. எஞ்சினுக்கு விசை கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளினேன். மூக்கு இடப்பக்கம் போனது. ரன்வேயின் ஓரக்கோடு கண்ணாடிக்குள் நகர்ந்து வந்தது. நான் காலைப் பற்றி யோசிக்கவே இல்லை. என் வலது கை அதற்குள் ஃப்ளாப் நெம்புகோலை 30இலிருந்து நேராகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோயிருந்தது. அப்படிச் செய்யக் கூடாது. முதலில் 20, வேகம் ஏறிய பிறகு 10, நல்ல உயரம் வந்த பிறகுதான் பூஜ்யம். ஃப்ளாப் மொத்தமாக உள்ளே போனால் இறக்கை தாங்கிக்கொண்டிருந்த பாரத்தில் ஒரு பங்கைக் கைவிட்டுவிடும். இருக்கைக்கு அடியில் விமானம் அமுங்குவதை உணர்ந்தேன்.

"ஐ ஹேவ் கண்ட்ரோல்."

கையை எடுத்தேன். அவர் மூக்கைத் தாழ்த்தினார், நெம்புகோலை 20க்குத் திருப்பினார், வலது ரடர் கொடுத்தார். சக்கரம் தரையைத் தொட்டதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மேலே போனோம். ரன்வேயைச் சுற்றித் திரும்பி வருகிற சர்க்யூட் முழுக்க இருவரும் பேசவில்லை. அவரே இறக்கினார்.

விமானம் நிறுத்தும் ஹேங்கர் நிழலில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மேடம், கோ அரவுண்டுக்கு முன்னாடி உங்ககிட்ட வாய்விட்டு ஸ்டெப் சொல்லச் சொல்லியிருக்கணும். புது ஸ்டூடண்ட்னா கண்டிப்பா கேட்டிருப்பேன். நீங்க லைசென்ஸ் வாங்கினவங்க, வயசுல மூத்தவங்க, கேட்டா ஒரு மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன்."

ஊருக்கு வருகிற ரயிலில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பையன் எனக்குக் கொடுத்தது மரியாதை. நான் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். அவர் கேட்காமல் விட்ட கேள்விகளை நானும் என்னிடம் கேட்கவில்லை. நம்மூரில் மூத்தவர்களிடம் "உங்களுக்கு இது தெரியுமா" என்று நேராகக் கேட்க மாட்டோம். திண்ணையில் அது நல்ல பழக்கம்தான். முப்பது அடியில் அதற்கு இடமில்லை. திரும்பி வருகிற விமானிக்கும் புதிதாகச் சேர்கிறவருக்கும் இருக்கிற வித்தியாசம் இதுதான் என்று எனக்குப் பட்டது. புதியவரின் அறியாமை எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோரும் காவல் இருப்பார்கள். திரும்பி வந்தவரின் மறதி வெளியே தெரியாது. திருப்பமும் ஸ்டாலும் சுத்தமாக வரும். தினமும் செய்கிற வேலை கைக்குள் தங்கிவிடுகிறது, எப்போதாவது செய்கிற, வரிசை தப்பக் கூடாத வேலை முதலில் போய்விடுகிறது. என்ன போயிற்று என்பது அது தேவைப்படும் நொடி வரை அவருக்கே தெரியாது.

அடுத்த முறை போனதும் அவரிடம் சொன்னேன்: "சார், முதல் பாடத்திலிருந்து ஆரம்பிங்க. எதையும் எனக்குத் தெரியும்னு நினைக்காதீங்க. விமானத்துக்குள்ள மேடம் வேண்டாம்." பெயர் சொல்லிக் கூப்பிட அவரால் முடியவில்லை. கடைசியில் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல், "ரடர்!" "வேகம்!" என்று மட்டும் சொல்லப் பழகினார். எனக்கு அது போதும். பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்க நினைத்திருந்தேன். இருபத்திரண்டு ஆனது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஐந்து இலக்கத்தில் பணம். என் வளையல்கள் அதற்குப் போயின. கொஞ்சமும் வருத்தமில்லை.

பணம் குறைவென்றால் தரையில் பழக வேண்டும். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வலது காலுக்கு அடியில் ஒரு தேங்காய்க் கதம்பையை வைத்துக்கொண்டேன். அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி எதிர்த்துத் தள்ளும். பெடல் மாதிரியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கால் வேலை செய்தால் காலுக்கு அது தெரிய வேண்டும், அதற்கு இது உதவியது. மகள் எதிரே உட்கார்ந்து "கோ அரவுண்ட்!" என்று கத்துவாள், நான் எதிர்பாராத நேரத்தில், சில நாள் சாப்பிடும்போதுகூட. த்ராட்டில் முழுதாக. வலது கால். மூக்கு கிடைமட்டம். ஃப்ளாப் 20. வேகம் 60. ஏறுகிறது. ஃப்ளாப் 10. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வேன். ஒரு படி தவறினால் அவள் விடமாட்டாள். அம்மா மாடிக்குத் துணி காயப்போட வந்தால், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போவாள்.

காற்றுக்கு எங்கள் ஊரை மிஞ்சிய பள்ளிக்கூடம் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேலக்காற்று இறுகிப் பாயும். அகலமாக வருகிற காற்று மலைகளுக்கு நடுவே ஒடுங்கும்போது வேகம் பிடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அவை ஒவ்வொன்றும் முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பிக்கொள்ளும், விமான நிலையத்துக் காற்றுப்பை வாலைக் காற்றோடு விட்டுக்கொடுப்பதற்கு நேர் எதிராக. ஸ்கூட்டரில் ஆரல்வாய்மொழி வரை போவேன். ரோட்டை ரன்வேயாக வைத்துக்கொண்டு, காற்றாலைகளின் முகத்தைப் பார்த்துக் கோணம் சொல்வேன். மனக்கணக்கு எளிது, 15 நிமிடம் கால் மணி, 30 அரை மணி என்கிற கடிகாரக் கணக்குதான். 15 டிகிரி சாய்ந்து வந்தால் காற்றின் கால் பங்கு பக்கவாட்டில் அடிக்கும், 30 என்றால் பாதி, 45க்கு முக்கால், 60க்கு மேல் முழுவதும் என்றே வைத்துக்கொள்ளலாம். 172இன் கையேட்டில் பக்கவாட்டுக் காற்றுக்குச் செய்து காட்டிய அளவு 15 நாட். எங்கள் ஊர் ஆடிக்காற்றில் சில நாள் இறங்கவே முடியாது என்று ஸ்கூட்டரிலேயே தெரிந்துவிடும்.

அப்பாவிடம் ஒருநாள் 270 டிகிரி காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது என்று விளக்கினேன். எங்கே போகிறது என்பதைச் சொல்லாமல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்வது மாணவர்களை முதலில் குழப்பும். அப்பா, "இதுல என்ன இருக்கு மக்ளே. வாடைன்னா வடக்கயிருந்து வாறது, கொண்டல்னா கிழக்கயிருந்து. போற எடத்த வச்சு காத்துக்கு ஆரு பேரு வைப்பா?" என்றார். மெட்டியராலஜியில் நான் முட்டி மோதிக் கற்ற ஒன்று அவருக்குப் பேச்சிலேயே இருந்தது. மொட்டு வாடுவது எந்தக் காற்றில் என்று தெரியாமல் பூ வியாபாரம் செய்ய முடியாது.

பரிசோதனைப் பறத்தல்கள் முடிந்தன. பகலில் ஒன்று, இரவில் ஒன்று, தொலைவுப் பயணம் ஒன்று. இரவில் இறங்குவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரன்வே விளக்குகளுக்கு முன்னால் ஊர் வெளிச்சமே இல்லாத இருட்டு இருந்தால், நாம் உயரமாக இருப்பதாகக் கண் பொய் சொல்லும், கை தாழ இறக்கும். பரிசோதகர் கோ அரவுண்ட் கேட்டார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். அவர் தாளில் ஏதோ குறித்தார்.

லைசென்ஸ் 2025 கோடையில் புதுப்பித்து வந்தது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. விண்ணப்பங்கள் போட்டிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசி வாரம், ஓணச் சந்தை சூடு பிடித்த நேரம், ஒரு மணி நேரம் தனியாகப் பறக்கப் பணம் கட்டினேன். பக்கத்து இருக்கை காலி. ஒரு ஆள் எடை குறைந்ததில் விமானம் சீக்கிரம் எழும்பியது. மூன்றாவது இறக்கத்தில், ரன்வேயின் நுனிக்கு வந்தபோது ஒரு வீச்சு அடித்து இறக்கையைத் தூக்கியது. சமாளித்து இறங்கியிருக்கலாம்தான். த்ராட்டிலைத் தள்ளினேன். மூக்கு நேராகவே நின்றது. குனிந்து பார்த்தேன், வலது கால் பெடலை அழுத்திக்கொண்டிருந்தது.

மத்தியானம் அப்பாவுக்குப் போன் செய்தேன். பின்னால் ஒரே சத்தம், லாரி, ஏலம்.

"எத்தன தடவ எறங்குன மக்ளே?"

"நாலுப்பா. நடுவுல ஒரு தடவ எறங்காம திரும்ப மேல போயிட்டேன். காத்து."

"மேலக்காத்தா?"

"ஆமாப்பா. 12 நாட்."

"இங்கயும் அதான் அடிக்கு. பிச்சி வரத்து கம்மி," என்றார். "சரி, ஆள் நிக்காங்க. ராத்திரி கூப்பிடு."